மாமியாரின் கால்

மாப்பிள்ளையைக் கண்டதும் நமரோமே சோளக்காட்டுக்குள் பாய்ந்தாள். மாமியாரைக் கண்ட ஊர்ச் சுகாதாரத் தொண்டன் லுஸ்வேத்தி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மேசையிலேயே போட்டுவிட்டுத் தேவாலயத்தின் பின்பக்கம் ஓடினான். முகாம் வரிசையில் நின்ற பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கென்யாவின் புகுசு இனத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. ஓடாமல் நின்றிருந்தால்தான் ஊர் சிரித்திருக்கும்.

முதியவர்களுக்கான மருத்துவ முகாம் ஒவ்வொன்றையும் அவள் இப்படித்தான் தவறவிட்டாள். "ஊர்க் கிழவனுங்க காலைப் பிடிச்சுப் பாக்கவா என் பொண்ணைக் கட்டினான்?" என்று நொடித்துக்கொண்டும் திரிந்தாள். ஆனால் இந்த முறை அவள் காலிலேயே துணி சுற்றியிருந்தது. உள்ளே புண். வலி இல்லாததால் விட்டுவிட்டாள். நாற்றம் வந்த பிறகுதான் பயம் பிடித்தது. அவள் நாத்தனாருக்கும் இப்படித்தான் தொடங்கிக் கடைசியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். மகளிடம் சொன்னால் மாப்பிள்ளை காதுக்குப் போகும் என்று அதையும் மறைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கயாங்கா சோளத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"வெளிய வாடி. உன் மாப்ளை மாமரத்துல துணி கட்டி அந்தப் பக்கம் உக்காந்துட்டான். மூஞ்சியும் தெரியாது, மூக்கும் தெரியாது."

"தொடுவானே?"

"நான் தொடுறேன். அவன் வாயால சொல்லப் போறான், அவ்வளவுதான்."

துணிக்கு இந்தப் பக்கம் முக்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, அத்தையைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. பஞ்சால உள்ளங்காலைத் தொட்டு, எங்க படுதுன்னு கேளுங்க."

நமரோமே கண்ணை மூடிக் காத்திருந்தாள். நெடுநேரம் ஆகிவிட்டது.

"எப்பத்தான்டி தொடப் போற?"

கண்ணைத் திறந்தபோது பஞ்சு அவள் காலில்தான் இருந்தது.

விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். மிக அதிகமாக இருந்த அளவைக் கயாங்கா உரக்கப் படித்தாள். லுஸ்வேத்தி சம்பந்தமே இல்லாமல், "ராத்திரிக்கு அத்தை என்ன சாப்பிடுறாங்க?" என்றான்.

"வெறும் டீதான்னு சொல்லு. ஒருத்திக்கு எதுக்கு உகாலிக் களி கிண்டுறது? அடுப்புல நெருப்பு இருக்கா, அணைஞ்சிடுச்சான்னுகூட இப்பத் தெரிய மாட்டேங்குது."

"அப்ப இது தானா வந்த புண் இல்லக்கா. அடுப்பு நெருப்பை மிதிச்சிருக்காங்க. கண்ணுக்கும் தெரியல, காலுக்கும் தெரியல. ரெண்டும் சர்க்கரை பண்ற வேலை."

கண், கால், அடுப்பு என்று நமரோமே தனித்தனியாக நினைத்துக் கவலைப்பட்டதை, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒருவன் ஒன்றாகக் கோத்துவிட்டான். இவனையா கேலி செய்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கால் போயிடுமான்னு கேளுடி."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். தள்ளிப் போட்டா என்னால சொல்ல முடியாது."

அங்கேயே நர்சுக்குப் போன் போட்டான். புண்ணுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள் என்று அலைக்கழிக்காமல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஏற்பாடு செய்தான். கயாங்காவோடு அவளை வாடகை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அனுப்பினான். அன்று முதல் ராத்திரிச் சாப்பாடு கயாங்கா வீட்டில். மாத்திரை போட்டாளா, கட்டு மாற்றினாளா என்று மாலைதோறும் அவன் கேட்டு அனுப்பினான்.

அடுத்த முகாமுக்கு நமரோமே எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டாள். பெட்டியில் கிடந்த புதுத் துணியைக் கொண்டுவந்து, தானே மாமரத்தில் கட்டினாள். லுஸ்வேத்தி அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும், துணிக்கு அடியில் இடது காலை நீட்டினாள்.

"ஏய், என்னடி பண்ற?" என்று கயாங்கா பதறினாள்.

"முகத்தைத்தானே பாக்கக் கூடாது? காலுக்கு என்ன தடை? அவரு காப்பாத்தின கால். பாக்கட்டும்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அக்கா," என்றான் லுஸ்வேத்தி. "புண் நல்லா ஆறியிருக்கு. நகம்தான் வளந்திருக்கு. அத்தைக்குப் பாத்து வெட்டி விடுங்க."

அவனையே வெட்டச் சொல்ல முடியவில்லையே என்று நமரோமேவுக்கு அன்றுதான் முதல்முறையாக வருத்தமாக இருந்தது.