கொக்கி முத்திரை

அக்காவின் சக்கர நாற்காலி மோட்டார் வைத்தது, மடிக்க முடியாது. அவள் அதில் உட்கார்ந்தபடியே காருக்குள் ஏற, பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் பின் கதவு ஒன்றுதான் வழி. அந்தக் கதவுக்காகவே தங்கை நாலு இடம் அலைந்து அந்த வண்டியை வாங்கியிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை, அக்கா நீச்சலுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, கதவு பாதி திறந்து கடகடவென்று ஆடி அப்படியே நின்றுவிட்டது.

“இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாரேன்,” என்றாள் அக்கா.

“இழுத்தா கையோட வந்துடும்.”

“வரட்டும். கதவே இல்லேன்னா ஏறுறது இன்னும் சுலபம்.”

மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் ‘பொறுமை’. எந்த வண்டியைக் கொண்டுபோனாலும் “பொறுமையா இருங்க” என்றுதான் ஆரம்பிப்பார். அவர் கதவுக்கு அடியில் கைவிட்டு, இரும்புத் தாங்கியில் மாட்டிய ஒரு சின்ன உருளையை வெளியே எடுத்தார். கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் பிளந்திருந்தது.

“இவ்வளவுதானா? மாத்திடுங்க,” என்றாள் தங்கை.

“மாத்தலாம். கிடைக்கணுமே. கம்பெனியே படுத்துடுச்சு. வண்டி செய்றதை நிறுத்தி ஏழு மாசமாச்சு, கோடவுன் பூட்டிக் கெடக்கு. ஷோரூம்ல இப்ப சோபா விக்கிறாங்க.”

“பழைய வண்டி உடைக்கிற இடத்துல?”

“மூணு இடத்துல கேட்டுட்டேன். எல்லா வண்டியிலயும் முதல்ல போறதே இதுதான். பொறுமையா இருங்க.”

தங்கைக்கு அது மட்டும் வராது. அவள் பல்செட் செய்பவள். உடைந்த உருளையை ஒட்டி, அச்சு எடுத்து, தன் பட்டறையில் செயற்கைப் பல்லுக்கு ஈறு வார்க்கும் பொருளிலேயே புதிதாக ஒன்று வார்த்தாள். பார்க்க அச்சு அசலாக இருந்தது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“மெல்றதுக்குத் தாங்குது, இழுக்கிறதுக்குத் தாங்கல,” என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

விடாமல் இன்னொன்று வார்க்கலாம் என்று, தாங்கியில் ஒட்டியிருந்த பழைய கிரீஸைத் துடைத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வட்டத்துக்குள் ஒரு கொக்கி, அரிசி மணி அளவில். கார் கம்பெனியின் சின்னம் இறக்கை விரித்த பறவை. அப்படியானால் இதைச் செய்தது வேறு யாரோ. இந்த நினைப்பு வந்ததும் கதவுகூட அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. யார் அந்த யாரோ?

அன்றிலிருந்து எதைக் கண்டாலும் குனிந்து அடியில் பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவு, லிஃப்ட், சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி, எதையும் விடவில்லை. பத்தாவது நாள், பல்செட் கொடுக்கப் போன இடத்தில், பல் டாக்டரின் ஃபைல் அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“என்ன தொலைச்சீங்க?” என்றார் டாக்டர்.

“ஒண்ணும் தொலைக்கல டாக்டர். கொக்கி ஒண்ணைத் தேடுறேன்.”

இழுப்பறை ஓடும் தடத்தில் அதே வட்டம், அதே கொக்கி. அலமாரியின் முதுகில் ஒட்டிய சீட்டில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது.

அந்த எண்ணில் விசாரித்ததில் கொக்கி முத்திரைத் தொழிற்சாலையின் விலாசம் கிடைத்தது; ஒன்றரை மணி நேரப் பயணம். “நானும் வர்றேன், அந்தக் கொக்கிக்காரங்களைப் பார்த்தே ஆகணும்” என்று அக்கா அடம்பிடிக்கவே, பின் கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரும் தங்கையுமாக அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். நாற்காலி வீட்டிலேயே நின்றது.

அங்கே தரம் பார்க்கும் அதிகாரி, காதுக்கு மேலே பென்சில் செருகியவர், உருளையை வாங்கிய உடனே, “எங்க பிள்ளைதான்,” என்றார். “ஒம்பது வருஷம் செஞ்சோம். இதோ, பதினாலு பெட்டி அப்படியே நிக்குது.”

தங்கையின் முகம் மலர்ந்தது.

“ஆனா தொட முடியாது. அது கார் கம்பெனி சொத்து. கோர்ட்டுல சீல் வச்சிருக்காங்க.”

மலர்ந்தது வாடிவிட்டது. ஆனாலும் கேள்வி வாயில் நிற்கவில்லை. “சரி சார், செய்யும்போது சரியா வராததை எல்லாம் என்ன பண்ணுவீங்க?”

“உருக்கப் போயிடும்.” பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “கொஞ்சம் வாங்க.”

கருவி அறைக்குக் கூட்டிப்போனார். தகரத்தாலான இழுவைக் கதவு. அதன் அடியில் இரண்டு உருளைகள், கொக்கி முத்திரையோடு. தாங்கியில் முலாம் கறை விழுந்ததால் தள்ளப்பட்டவை; வேலை செய்பவர்கள் கதவுக்கு மாட்டியிருந்தார்கள்.

“கறை கண்ணுக்குத்தான். ஓட்டத்துல குறையில்லை. தள்ளுனது எங்களோடது, அதுல வம்பு வராது. மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

அரை மணியில் தகரக் கதவுக்கு சாதாரணச் சக்கரம் வந்தது. கழற்றிய உருளையில் ஒன்றை அவரே ஸ்பேனரோடு காரடியில் படுத்து மாட்டினார். எழுந்து கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு குனிந்து உருளையையே பார்த்தார்.

“என்ன சார், சரியில்லையா?” என்றாள் தங்கை.

“இல்லம்மா. மேஜையில தடம் வச்சு அம்பதாயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கேன். வண்டியில ஓடிப் பார்த்ததே இல்லை.”

“அப்ப ஏறி உக்காருங்க,” என்றாள் முன் சீட்டிலிருந்து அக்கா. “நான் தினமும் எப்படிப் போறேன்னு பாருங்க.”

அவர் கூச்சத்தோடு ஏறிக் கதவை உள்ளிருந்து இழுத்து மூடினார். இதற்குள் நாலைந்து தொழிலாளிகள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவராக ஏறி, மூடி, காதைச் சாய்த்துக் கேட்டு இறங்கினார்கள். “கடைசியில ஒரு சின்ன முனகல் இருக்கு,” என்றாள் ஒருத்தி. அதைப் பற்றி அவர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. கிளம்பும்போது மற்ற உருளையையும் தங்கையின் கையில் திணித்தார் அதிகாரி.

அடுத்த திங்கட்கிழமை அக்கா நீச்சலுக்குப் போனாள். பெட்டிகளைத் திறக்க அனுமதி கேட்டுத் தொழிற்சாலை கோர்ட்டுக்கு எழுதியிருக்கிறது; பதில் வரவில்லை. அதே வண்டி வைத்திருக்கும் பதினோரு பேரின் பட்டியலோடு ‘பொறுமை’ காத்திருக்கிறார்.

போன வாரம் மழை பெய்தபோது அதிகாரி ஃபோன் செய்தார். “ஈரத்துல எப்படிம்மா ஓடுது?”

தங்கை குடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஃபோனை அடியில் உருளைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கதவை மெல்ல இழுத்தாள்.