வாயடங்காத பெட்டி

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் கையில் எது கிடைத்தாலும் அதற்கும் ஓர் உறை தைத்துவிடுவான். சின்னவன் அந்த ரகம். டிவி ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்கு உறை, குடைக்குக்கூட உறை. "நல்லவேளை, என்னை இன்னும் அளவெடுக்கல" என்பாள் அவன் மனைவி.

அதனால், பழைய காரை இரும்புக்கு உடைக்கக் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் அதிலிருந்த, வழி சொல்லும் ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி "வச்சுக்கப்பா" என்று கொடுத்தபோதே அதன் கதி முடிவாகிவிட்டது. அவனிடம் இருப்பது பட்டன் போன். அதில் வழியும் தெரியாது, வரைபடமும் தெரியாது. அப்பாவைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரியோ அவன் கால் வைக்காத பெருநகரத்தில், ஆற்றுக்கு அக்கரையில். பைக்கில்தான் போகவேண்டும், வழியெல்லாம் மழை என்று வேறு சொன்னார்கள். பெட்டியில் ஆஸ்பத்திரியின் முகவரியைப் போட்டான். காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் கேட்கவேண்டுமே என்று ஒலியை முழுதாக ஏற்றினான். பிறகு கறுப்பு ரெக்சினில் உறை வெட்டி, முகப்புக்கு உள்ளே தெரிகிற கெட்டி பிளாஸ்டிக் வைத்து, நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டு நாலு பக்கமும் மூடினான். பைக் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் போக மட்டும் ஓர் ஓட்டை. பைக்கின் கைப்பிடியில் கட்டிப் பார்த்தபோது தன் வேலையில் அவனுக்கே மயக்கம் வந்தது.

"பட்டனை எப்படி அமுக்குவீங்க?" என்றாள் மனைவி.

"எதுக்கு அமுக்கணும்? எல்லாம் போட்டுத்தான் தைச்சிருக்கேன். சொட்டுத் தண்ணி உள்ள போகாது, பாரு!"

சொட்டுத் தண்ணீர் போகவில்லை என்பது வாஸ்தவம். அந்த விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

அப்பா மீன் சந்தையில் ஏலக்காரர். அவர் விலை கூவினால் மூன்று தெரு தள்ளிக் காய்கறி வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னவன் சந்தைக்கு வராமல் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தான் என்பது அவருக்கு ஆறாத கோபம். ஒரு நாள், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே, "இவன் எனக்குப் பொறக்கவே இல்லய்யா!" என்று அதே குரலில் கூவிவிட்டார். சந்தையே கேட்டது. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் பேச்சு என்பது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற அளவோடு நின்றது.

இப்போது அந்தத் தொண்டைக்குள் புற்று. குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். எடுத்தபின் பேச்சு கிடையாது. எழுதிக் காட்டலாமே என்றால், அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். இருக்கிற குரலும் வெறும் காற்றாகிவிட்டது, வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும். "சின்னவன் வரட்டும், அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று மட்டும் அண்ணனிடம் சொல்லியிருந்தார். அந்த ஒன்றைக் கேட்கத்தான் சின்னவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் போய்க்கொண்டிருந்தான்.

நகரம் வரும்வரை பெட்டி சமர்த்தாகவே இருந்தது. ஹெல்மெட்டுக்குள் அதன் குரல் கேட்கவே இல்லை. முழு ஒலியும் வீண். ஆனால் அம்புக்குறி தெரிந்தது, அது போதும் என்று போனான். அம்பு அவனை ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே ஒரு காவலாளி தகரக் கொட்டகையிலிருந்து ஓடிவந்து கையை விரித்தார்.

"பைக்கெல்லாம் உள்ள விடமாட்டோம். கார், லாரி மட்டும்தான்."

"இது இந்த வழின்னுதான் காட்டுதுங்க."

காவலாளி பெட்டியைக் குனிந்து பார்த்தார். "கார்ல வைக்கிறதை பைக்ல வச்சா அது கார் வழியைத்தான் காட்டும். கரையோரமாவே மேல போங்க, பழைய பாலம் வரும். இதைப் பாக்காதீங்க."

பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தான். கரையோரச் சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் பெயர்ப்பலகை இல்லை, கேட்க ஆளும் இல்லை. அம்புக்குறி மட்டும் விடாப்பிடியாக ஒரு பக்கம் காட்டியது. பாலத்துக்குத்தான் வேறு வழி கண்டுபிடித்திருக்கும் என்று நம்பித் திரும்பினான். சரக்குக் கிட்டங்கிகள், பேருந்துப் பணிமனை, ஒரு பள்ளிக்கூட மதில் எல்லாம் சுற்றி, மறுபடியும் அதே தகரக் கொட்டகை.

"இதைப் பாக்காதீங்கன்னு சொன்னேனே" என்றார் காவலாளி.

அப்போதுதான் போன் அடித்தது. சின்னவன் பைக்கைக் கொட்டகைக்குள் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எங்கடா இருக்க?" என்றான் அண்ணன். "மதியம்னு சொன்னாங்கல்ல, இப்பவே கூட்டிட்டுப் போறாங்க. ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு."

"அண்ணே, ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன். ஆஸ்பத்திரி தெரியுது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுண்ணே!"

"கெஞ்சிப் பாத்துட்டேன். ஜன்னல்ல துண்டை ஆட்டுறேன், தெரியுதா?"

தெரிந்தது. அக்கரையில், ஈரமான பெரிய கட்டடத்தின் மேல்மாடியில், வெள்ளையாக ஏதோ அசைந்தது. கூப்பிடு தூரம்தான். பழைய அப்பாவாக இருந்தால் அங்கிருந்தே கூவியிருப்பார்.

"அப்பா போனைக் கேக்குறாரு. வாய்கிட்ட வைக்கிறேன். நல்லா கவனி" என்றான் அண்ணன்.

சின்னவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். மூச்சு கேட்டது. மூச்சுக்குள் ஏதோ ஒரு சொல் எழுந்தது.

"வாய்ப்புள்ள இடத்தில் வண்டியைத் திருப்பவும்" என்றது பெட்டி.

எஞ்சின் நின்றுவிட்டதால், காலையிலிருந்து கேட்காத குரல் இப்போது தகரக் கூரை அதிரக் கேட்டது. சின்னவன் திரையை அழுத்தினான். கெட்டி பிளாஸ்டிக், விரலை மதிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான். உள்ளே அதற்கென்று தனி பேட்டரி.

"வாய்ப்புள்ள இடத்தில் வண்டியைத் திருப்பவும்."

தையலை நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான். கத்தரியும் பிளேடும் வீட்டில். தன் தையல் பிரியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் அவன். அது பிரியத்தான் இல்லை. காதில் அந்த மூச்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு முறை நின்று, மறுபடி தொடங்கியது. போனோடு வெளியே ஓடவேண்டும் என்ற புத்தி அவனுக்குக் கடைசியாகத்தான் வந்தது. மழைக்குள் ஓடி நின்றபோது மறுமுனையில் சக்கரங்கள் உருளும் சத்தம்தான் கேட்டது.

"கேட்டுச்சாடா?" என்றான் அண்ணன். "கேட்டுச்சான்னு கையால கேக்குறாரு. சீக்கிரம் சொல்லு, கதவுகிட்ட வந்துட்டோம்."

சின்னவன் அக்கரையைப் பார்த்தான். ஜன்னலில் துண்டு இல்லை.

"கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சுன்னு சொல்லு."

அண்ணன் அங்கே அதைச் சொல்வது காதில் விழுந்தது. கதவு சாத்தும் சத்தமும் விழுந்தது.

"தலையாட்டினாருடா. கண்ணை மூடிக்கிட்டாரு. என்னதான் சொன்னாரு? நான் காதை வச்சதுக்குத் தள்ளிவிட்டுட்டாரு."

"வந்து சொல்றேன்ணே."

பொய் சொல்லியாயிற்று. காவலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். தன் குடையைப் பெட்டியின் மேல் கவிழ்த்து வைத்து அமுக்கிப் பிடித்தார். அது குடைக்குள்ளும் பேசிற்று.

சின்னவன் எஞ்சினைக் கிளப்பியதும் அதன் குரல் கேட்காமல் போயிற்று. பாலத்தைத் தேடிப் போகவேண்டும். அப்பா கண் விழித்ததும் தான் சொன்னதற்குப் பதிலை முதலில் இவன் முகத்தில்தான் தேடுவார். சிரித்த முகத்தோடு போய் நிற்பதா, அழுதுகொண்டு காலைப் பிடிப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.