கேள்வி வரும்வரை

அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் கணக்கு அம்மாவின் கணினிக்கு அன்றும் இணைப்பு வரவில்லை. நெட்வொர்க்காரர் மேசைக்கடியில் தவழ்ந்து, சுவர் பிளக்கில் தன் லேப்டாப் கேபிளைச் செருகினார். அந்த அலுவலகத்தில் சில பிளக்குகள் "யார் நீ?" என்று கேட்டு, கடவுச்சொல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடும். சில, கேள்விமுறை இல்லாமல் விட்டுவிடும். எது எந்த ரகம் என்று தானாகவே கண்டுபிடிக்கும் புரோகிராம் அவர் எழுதியது. வீட்டில் ஒண்டிக்கட்டையான அவருக்கு அது பிள்ளை மாதிரி.

பிள்ளை சட்டென்று தீர்ப்புச் சொன்னது: இங்கே கேள்வி கிடையாது. ஆனால் பிளக் உள்ளேயும் விடவில்லை.

மறுபடி செருகிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இந்தக் கடைசி அறைக்கு இணைப்புத் தரும் சுவிட்ச் பெட்டி பழசு. விழித்துக்கொள்ளவே நேரம் பிடித்தது. அது வாயைத் திறப்பதற்குள் புரோகிராம் முடிவுகட்டிவிடுகிறது. வேகமாக இருக்கட்டும் என்று காத்திருக்கும் நேரத்தைக் குறைத்து வைத்தவர் அவரேதான். அதை வாய்விட்டே சொன்னார்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார் கணக்கு அம்மா.

நெட்வொர்க்காரர் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். கேபிள் முனை விளக்கு மஞ்சளாகி, யோசித்து, பச்சையானது. திரையில் கேள்வி வந்தது.

"வந்துடுச்சு சார்! ஏன் இன்னும் கீழயே உக்காந்திருக்கீங்க?"

அவருக்கு அக்கா ஞாபகம். பெற்ற தாய் இறந்த பிறகு இருவருக்கும் ஒரு வாய்த்தகராறு. அதோடு பேச்சு நின்றது. ஞாயிறுதோறும் அவள் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போடுவார். இரண்டு தடவை மணி அடித்ததும், அவளுக்குப் பேச இஷ்டமில்லை என்று நினைத்து வைத்துவிடுவார். அக்காவுக்கு முட்டிவலி. போன் இருப்பது வாசலறையில், அவள் இருப்பது சமையலறையில். இது இத்தனை நாள் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மாடிப்படியில் நின்று எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பழக்கதோஷத்தில் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது, மடக்கிக்கொண்டார்.

எடுத்துவிட்டாள். மூச்சிரைத்தது.

"யாருங்க?"

பேச வேண்டியதையெல்லாம் வருஷக்கணக்காக மனசில் சேர்த்து வைத்திருந்தார். இப்போதோ, தொண்டையை மட்டும் செருமினார்.

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு ஒரு கணம் நின்றது. பிறகு, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.