ஒரே பூச்சில் மஞ்சள்

துணி வியாபாரத்தில் மஞ்சளைப் போல வம்பு பிடித்த நிறம் கிடையாது. கடை விளக்கில் அது ஒரு மஞ்சள், வாசலில் வேறொரு மஞ்சள். வீட்டில் பிரித்தால் மூன்றாவதாக ஒன்று. வாங்கியவர் திரும்பக் கொண்டுவந்து நம் மேசையில் எறியும்போது நாலாவது. இதையெல்லாம் அனுபவித்தவன் என்பதால், என் அக்காவின் கணவர் தன் பொம்மைப் படைக்கு மஞ்சள் கவசம் தீட்டப்போகிறேன் என்றபோது, நீலம் பாருங்கள் அத்தான், நீலம் சாதுவான நிறம் என்று சொல்லிப் பார்த்தேன். வேலை மெனக்கெட்டுச் சொன்னதுதான் மிச்சம்.

அத்தான் ஓய்வு பெறும்வரை பல்செட் செய்தவர். வாய்க்குள் இருக்கும் பல்லின் நிறத்துக்குச் செய்கிற பல்லின் நிறம் ஒத்துப்போக வேண்டும். பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் அதைச் சரியாகப் பார்க்காதவர்கள். எல்லாமே மஞ்சள்தான், டீ குடிப்பவர் மஞ்சள், புகை பிடிப்பவர் மஞ்சள், பொய் சொல்கிறவர் மஞ்சள் என்று அவர் பிரித்துச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் மஞ்சளைப் பற்றி நான் பேசினால் எடுபடுமா?

படை என்றேன். சைக்கிள் கடை மாடியில் ஒரு குழு உண்டு. தலை நரைத்தவர்களும் நரைக்கப்போகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை கூடி, பெரிய மேசையில் அரை விரல் உயரப் பொம்மை வீரர்களை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்வார்கள். வீரர்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வருவார்கள். ஒட்டி, வெள்ளை அடித்து, அதன் மேல் அவரவர் நிறம் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மஞ்சள் தன் புத்தியைக் காட்டும். அது கீழே இருப்பதை மறைக்காது. நீர்க்கத் தீட்டினால் பள்ளத்தில் வழிந்து தேங்கும், தோள் விளிம்பிலும் முட்டியிலும் நிற்காது. அங்கெல்லாம் வெள்ளை பல்லை இளிக்கும். கெட்டியாகத் தீட்டினால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி கட்டிகட்டியாக நிற்கும். ஆகவே குழுவில் மற்றவர்கள் நீர்க்கக் கரைத்து மூன்று பூச்சு, நான்கு பூச்சு என்று மல்லுக்கட்டுவார்கள். அத்தான் மட்டும் ஒரே பூச்சில் முடித்தார். முடித்ததோடு விட்டாரா? கைப்பதம், கண்பதம் என்று மாடியில் நின்று பிரசங்கமும் செய்தார். மீசை என்று எல்லோரும் கூப்பிடும் பேருந்து நடத்துநர், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பக்குவம் கேட்டுக்கொண்டார்.

அந்த வீரர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் வெள்ளை. போரில் அடிபட்டுச் சாயம் உரிந்த கவசத்தை வேண்டுமென்றே அப்படிக் காட்டியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். சரக்கைப் பற்றித் தெரியாதபோது வாயை மூடிக்கொள்வது எங்கள் குடும்பச் சொத்து.

பிறகு அத்தானுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் வீட்டுக்கு வந்து நேரே படையை அடுக்கியிருந்த கண்ணாடி அலமாரிக்குப் போனார். போனவர் கத்திய கத்தலில் அக்கா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தது யார் என்று கேட்டாராம். யாரும் துடைக்கவில்லை. வெயில் பட்டு வெளுத்திருக்கும் என்றார். அலமாரி இருந்த மூலையில் வெயில் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கடைசியில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். படை பழையபடி தகதகவென்று நின்றது. இடதை மூடி வலதைத் திறந்தார். பாதி வெள்ளை, பாதி எலுமிச்சந்தோல்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் நன்றான பிறகுதான் கிரகணம் பிடித்தது. புரை என்பது பழுப்புக் கண்ணாடி மாதிரி. அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். ஒரே பூச்சின் ரகசியம் அவ்வளவுதான். பல்செட்டில் இது அவரைக் கவிழ்க்காததற்குக் காரணம், அங்கே பல்லுக்குப் பக்கத்தில் பல்லை வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒரே புரையில் தெரியும்.

இடது கண்ணுக்குத் தேதி வந்தது. சளி என்று தள்ளினார். அடுத்த தேதிக்கு, பக்கத்து ஊர்க் குழுவோடு பந்தயம் இருக்கிறது, படையில் பாக்கி வீரர்களைத் தீட்ட வேண்டும் என்றார். இதற்குள் ஒரு கண் ஒன்று சொல்ல, மற்றது வேறு சொல்ல, மாடிப்படியில் கால் தவறி உட்கார்ந்தே இறங்கினார். தள்ளிப்போட்டால் புரை கெட்டிப்பட்டுவிடும், அப்புறம் ஆபரேஷன் சிரமம் என்று டாக்டர் எச்சரித்ததும் காதில் ஏறவில்லை. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஆபரேஷன் பண்ண கண்ணத் துணியால கட்டிக்கிட்டு, பண்ணாத கண்ணால பெயிண்ட் அடிக்கிறார்டா தம்பி. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

கேள்விப்பட்டதில்லை. கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

சொன்னது சொன்னபடி இருந்தது. ஜன்னலோரம் மேசை, அதில் மஞ்சள் கரைத்த தட்டு, தக்கையில் ஒட்டிய வீரன் ஒருவன். வலது கண்ணில் கைக்குட்டை கட்டி, கடற்கொள்ளைக்காரர் கணக்காக அத்தான். உட்காரச் சொன்னார். எதிராளியே முதலில் விலை சொல்லட்டும் என்று நானும் ஊர்ப்பேச்சு பேசிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"இந்தக் கண்ணையும் சரி பண்ணிட்டா என் படை போச்சு மச்சான். இப்ப இது ஒண்ணுலதான் அது இருக்கு."

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தப் பொன்னைப் பார்க்க ஒரு கண்ணை அடகு வைத்த காக்கையை நான் அன்றுதான் பார்த்தேன். படியில் விழுந்து இடுப்பு போனால் படையை யார் நகர்த்துவார்கள் என்று கேட்டேன். பந்தயத்துக்குப் பிறகு என்று இறங்கிவந்தார். இந்த வாரமே என்றேன். பேரம் படியவில்லை. கொஞ்ச நேரம் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் தெரியும், இல்ல?"

நான் தட்டைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் மௌனமும் ஒரு விலைதான். அதை அவர் கணக்கெடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற அக்காவின் பக்கம் திரும்பி, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"மொதல் பொம்மையிலயே சொன்னேங்க. தோள்ல விட்டுப்போச்சுன்னு. பல்லு நெறம் பாத்தவன்கிட்ட நீ கலர் சொல்றியான்னு கேட்டீங்க. அப்புறம் எனக்கென்ன வந்துச்சு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் தைத்தது. அத்தான் எதையோ தேடுவது போல மேசையைப் பார்த்தார். நினைவு வந்துவிட்டது என்று முகமே சொன்னது. நான் எழுந்து போகலாமா என்று யோசித்தேன். போனால் இன்னும் மோசம்.

பிறகு அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். அதை இடது கண்ணில் கட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து முதல் வீரனை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"எங்கங்கன்னு காட்டு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, தலையிலிருந்து ஒரு ஊசியை உருவி, அதன் நுனியால் தொட்டுக் காட்டினாள். தோள், முட்டி, மார்புக் கவசத்தின் விளிம்பு. அவள் தொட்ட இடத்தில் அவர் மெல்லிய மஞ்சளை வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்தார். ஒரு இடத்தில் மட்டும், அது ஒளி பட்டு மின்னுவதற்காக நானே விட்டது என்று வாதாடினார். அக்கா அந்தப் பொம்மையைத் திருப்பி, அப்படியானால் முதுகிலும் மின்னுகிறதே, வெளிச்சம் இரண்டு பக்கமும் வருமா என்று கேட்டாள். முதுகு மஞ்சளானது. முட்டியில் ஒரு பொட்டு வெள்ளையை விட்டுக்கொடுத்தாள். எங்கள் வீட்டில் பிறந்தவள்; விட்டுக்கொடுக்க ஒன்றை முதலிலேயே ஒதுக்கி வைத்திருப்பாள்.

அந்த ஞாயிறு மாடிக்குப் போய், ஒரே பூச்சு என்பது புரையின் வேலை என்று அத்தான் எல்லோர் முன்னும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மீசை மட்டும் பரிதாபமாக எழுந்து தன் பெட்டியைத் திறந்தார். அதே மாதிரி வெள்ளை ஓரம் விட்டு, அவரும் ஒரு அணி தயார் செய்திருந்தார். அதுதான் புது பாணி என்று நம்பி, பளிச்சென்ற தன் நல்ல கண்ணால், ஓரம் ஓரமாகச் சுரண்டி வெள்ளை எடுத்தாராம். அப்போது சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்துகொண்டது எனக்குப் பெரிய நிம்மதி. பந்தயத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டார்கள். பக்கத்து ஊரும் சரியென்றது, அங்கேயும் எவருக்கோ மஞ்சள் காயாமல் கிடந்திருக்கும்.

இடது கண் ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. அதற்குள் அக்கா காட்டக் காட்ட அத்தான் மீதிப் படையையும் திருத்தி முடித்திருந்தார். கட்டைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். வீட்டுக்கு வந்தவர் அலமாரியைத் திறந்து, இரண்டு கண்ணையும் அகல விரித்து ஒவ்வொரு வீரனாக எடுத்துப் பார்த்தார். பழைய தகதகப்பு இல்லை. ஆனால் மஞ்சள், யார் பார்த்தாலும் மஞ்சள். பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசி வரிசையில் ஒருவனைத் தலைகீழாகப் பிடித்தார்.

"கையிடுக்குல ஒண்ணு விட்டுட்ட நீ" என்றார் அக்காவிடம், முகமெல்லாம் வெற்றியோடு.

"அதையாவது நீங்களா கண்டுபிடிங்கன்னுதான் விட்டேன்" என்றாள் அக்கா.