கை போன பக்கம்

ஸ்டீபனின் கை தப்பான பக்கம் போகும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தவன் மனோஜ் ஒருத்தன்தான்.

ஏரிக்கரை ஊரான தோணிரேவுக்கு வெளியே உப்புப் பூத்த பொட்டலில் வண்டி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாலு சக்கரம் வைத்த சின்ன லோடு வண்டி. கிளட்சும் கியரும் ஒரு மணி நேரத்தில் ஸ்டீபனுக்குப் பிடிபட்டுவிட்டன. இருபத்திரண்டு வருஷம் ஏரியில் எஞ்சின் படகு ஓட்டியவனுக்கு இயந்திரம் புதிதில்லை. திடீரென்று முட்புதருக்குள்ளிருந்து ஒரு எருமை குறுக்கே வந்தது. இடது பக்கம் ஒடிக்கச் சொல்லி மனோஜ் கத்தினான். ஸ்டீபனும் இடது பக்கம்தான் ஒடித்தான். வண்டி வலது பக்கம் திரும்பி எருமையை நோக்கியே போனது. மனோஜ் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் எருமையின் விலாவில் ஏறியிருக்கும்.

வண்டி நின்றதும் மனோஜ் கேட்டான்.

"மாமா, நான் லெப்ட்டுன்னா நீ இன்னாத்துக்கு ரைட்டுல வுடற?"

"லெப்ட்டுலதான்டா வுட்டேன்" என்றான் ஸ்டீபன்.

அவன் பொய் சொல்லவில்லை. படகு எஞ்சினின் பிடி பின்னால் இருக்கும். படகின் தலை இடது பக்கம் போக வேண்டுமென்றால் பிடியை வலது பக்கம் தள்ள வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படித் தள்ளிப் பழகிய கை அது. வலை கட்டிய கம்போ, மணல் திட்டோ, எதிர்ப் படகோ, எது முன்னால் வந்தாலும் அவன் யோசிப்பதற்கு முன்பே கை தள்ளிவிடும். அது சரியாகத் தள்ளியதால்தான் அவன் இன்னும் உயிரோடு இருந்தான்.

வண்டி ஊர்ப் பெண்கள் குழுவுக்குச் சொந்தம். மீன் கூடையில் தண்ணீர் ஒழுகுகிறது, நாறுகிறது என்று பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். ஆறு பெண்கள் விடியற்காலை கூடைகளோடு ஏறி, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயில் பிடித்துப் பட்டணத்துப் பக்கம் விற்கப் போவார்கள். மூன்று வருஷமாக மனோஜ்தான் ஓட்டினான். இப்போது அவனுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பொங்கலுக்குள் போயாக வேண்டும். ஊரில் லைசென்ஸ் வைத்திருந்த மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே வெளியூரில் இருந்தார்கள். முகத்துவாரம் மணல் மூடியதிலிருந்து ஸ்டீபனின் படகு முக்கால்வாசி நாள் கரையில்தான் கிடந்தது. குழுத் தலைவி ரோஸ்மேரி கூட்டத்தில் எழுந்து தன் புருஷன் ஸ்டீபன் பேரைச் சொன்னாள். எல்லாரும் சரி என்றார்கள்.

அதனால் எருமை விஷயத்தை ஸ்டீபன் வீட்டில் சொல்லவில்லை. மனோஜும் சொல்லவில்லை. போகப் போகக் கை பழகிவிடும் என்றான். சொன்னால் தன்னைப் போக விடமாட்டார்கள் என்ற பயமும் அவனுக்கு இருந்தது.

பரீட்சைக்கான கேள்விகளை ரோஸ்மேரி வாசித்துக் காட்டினாள். சாயங்காலத்தில் நண்டு வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே ஸ்டீபன் பதில் சொல்வான். முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை, சிவப்பு வட்டத்துக்குள் இருந்தால் கூடாது. குறுகலான இடத்தில் உன் பக்கம் அடைத்துக் கிடந்தால் நீதான் நின்று எதிர் வண்டிக்கு வழி விட வேண்டும். இதெல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஏரியிலும் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு முறை உண்டு. முறை தவறினால் ஊரே கேட்கும். ரோட்டுக்கும் அப்படி ஒரு முறை இருப்பது நல்லதுதான் என்று நினைத்தான்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றலாமா என்று ஒரு கேள்வி வந்தது. வாசித்துவிட்டு ரோஸ்மேரி அவனைப் பார்த்தாள்.

"ஏத்தக்கூடாதுன்னு போடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

இடது மணிக்கட்டில் நீல நைலான் நூல் ஒன்றை ஸ்டீபன் கட்டிக்கொண்டான். வலை முடியும் நூல். நூல் இருக்கும் பக்கம் திருப்பு என்று கைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். கூடைக்காரிகளில் வாய் நீண்டவள் அம்மணி. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணே, மாதா கோயிலுக்குப் போற ஆளு கையில மந்திரிச்ச கயிறு?"

கை வலிக்கு என்றான். ரோஸ்மேரிக்குப் பயந்து கட்டியிருப்பார் என்று வேறொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடச் சொன்னார்கள். அழகாகப் போட்டான். பின்னால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். வெள்ளைக் கோட்டுக்குள் எருமை வரவில்லை, நாய் வரவில்லை, யாரும் குறுக்கே ஓடவில்லை. அதிகாரி முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார். மனோஜ் ஊரை விட்டுப் போகும் நாளன்று சாவியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றான்.

"நீ பயப்படாத வரைக்கும் நல்ல டிரைவர் மாமா."

தை மாதம் பிறந்தது. விடியற்காலைப் பனி ஏரியிலிருந்து கிளம்பி ரோட்டின் மேல் இடுப்பளவு கிடந்தது. முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இடது பக்கம் ரோஸ்மேரி உட்காருவாள். பின்னால் மற்ற அஞ்சு பேரும் கூடைகளும். இரண்டாவது வாரம் பழவேற்காடு தாண்டி ஒரு நாய் ஓடி வந்தது. ஸ்டீபன் விலகத்தான் பார்த்தான். வண்டி நாய் மேலேயே ஏறியது. டயருக்கடியில் அது நொறுங்கியது காலில் தெரிந்தது. பின்னாலிருந்தவர்கள் நாயைத் திட்டினார்கள். ரோஸ்மேரி திட்டவில்லை. ஸ்டீபனின் கையைப் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தாள்.

அன்றைக்கு ஊர் திரும்பியதும் பொட்டலுக்குப் போய்த் தனியாக ஓட்டினான். ஐஸ் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து அதை விலகி விலகிப் போனான். ஐம்பது தடவை போனாலும் கை சரியாகத்தான் திருப்பியது. பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். தெரிந்ததற்குக் கை பயப்படுவதில்லை. பெட்டி எழுந்து ஓடி வந்தால்தான் உண்டு.

திருப்பாலைவனத்துக்கு முன்னால் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுப்பு முடிந்தால் அந்தப் பக்கம் வழக்கம் அதுதான். களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடே களம். ஸ்டீபன் போகும் திசையில் இடது பாதி முழுக்க அரைக் கிலோமீட்டருக்கு நெல். ஓரத்தில் வண்டி ஏறாமல் இருக்கக் கருங்கல்லும் முள்ளும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். காலையில் திறந்து பரப்புவார்கள். எல்லா வண்டிகளும் வலது பாதியில்தான் போக வேண்டும். எதிரே பஸ் வந்தால் நின்று வழி விட வேண்டும்.

அங்கே காவல் பவுனம்மாள். அறுபது வயதிருக்கும். ரோஸ்மேரியிடம் நண்டு வாங்குகிறவள். வண்டிச் சத்தம் கேட்டாலே நெல் தள்ளும் துடுப்புக்கட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டை விட்டு இறங்கி, வண்டி கடந்து போகும் வரை முறைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் டயர் நெல்லின் ஓரத்தில் ஏறிவிட்டது.

"யோவ், கண்ணு இல்ல? சோறு தின்றவன்தானே நீயி?"

ஸ்டீபன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவள் இறங்கி நின்றது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாரும் இப்படி இறங்கி நின்றால் போதும் என்று நினைத்தான்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. மணி ஆறரை. பனி அதிகம். நெல் குவியல்களின் மேல் தார்ப்பாய் இன்னும் மூடியிருந்தது. பவுனம்மாளைக் காணோம். வலது பாதியில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தான். பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன, அப்புறம் பஸ்ஸின் முகம் வந்தது. நிற்க நேரமில்லை. படகில் பிரேக் கிடையாது. கைக்குப் பின்னால்தான் அவன் காலுக்கு ஞாபகம் வரும். இடது பக்கம் நெல்லில் ஏற்றிவிட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. நூல் கட்டின பக்கம். வாய் அதைச் சொன்னதுகூட அவனுக்குக் கேட்டது.

"லெப்ட்டு, லெப்ட்டு, லெப்ட்டு."

கை வலது பக்கம் தள்ளியது. வண்டி பஸ்ஸுக்கு முன்னால் ஒரு முழம் இடைவெளியில் குறுக்கே வெட்டி, வலது ஓரப் பள்ளத்தில் இறங்கி, அறுத்த வயலில் போய்ச் சாய்ந்து நின்றது. கூடைகள் பறந்தன. தாளடி முழுக்க இறால் சிதறிக் கிடந்தது. அம்மணிக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

பஸ் குவியலை ஒட்டி நின்றிருந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். அப்போதுதான் இடது பக்கத்துக் குவியலுக்குப் பின்னாலிருந்து பவுனம்மாள் எழுந்தாள். குத்துக்காலிட்டுத் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பனியிலும் குவியலின் மறைவிலும் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஸ்டீபனும் பார்க்கவில்லை. அவன் நினைத்த பக்கம் வண்டி போயிருந்தால் அவள் மேல்தான் ஏறியிருக்கும்.

வயலுக்குள் இறங்கி வந்து அவள் அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடது கையை, நூலோடு சேர்த்து, விடவே இல்லை.

"என்னப் பாத்துட்டுதானே சாமி பள்ளத்துல வுட்ட. உங்க உசுரப் பத்தி நெனைக்கல பாத்தியா."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பஸ் டிரைவர் வந்து தோளில் தட்டினார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஒடிப்பு பார்த்ததில்லை என்றார். அம்மணி ரத்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, பல்லு போனா போகுது, ஒரு உசுரு பொழச்சுது என்றாள். ரோஸ்மேரி வயலில் குனிந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்திச் சரி செய்ய நாலு நாளானது. அதற்குள் கதை ஏரியைச் சுற்றிவிட்டது. பக்கத்துக் குப்பத்திலிருந்து மூன்று பெண்கள், ஸ்டீபன் ஓட்டும் வண்டியென்றால் நாங்களும் வருகிறோம் என்று ரோஸ்மேரியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இனி பின்னால் எட்டுப் பேர். அந்த நாலு நாளும் ஸ்டீபன் சரியாகச் சாப்பிடவில்லை. அஞ்சாம் நாள் விடியற்காலை, கூடையெல்லாம் ஏற்றியான பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போய் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும். நான் அந்தம்மாவப் பாக்கல. லெப்ட்டுலதான் ஒடிச்சேன். கை ரைட்டுல போயிடுச்சி. பயந்தா இப்படித்தான் போவுது. மறுபடியும் போவும்."

அம்மணிதான் முதலில் சிரித்தாள். பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது.

"கேட்டீங்களாடி? அவரு பண்ணலியாம், கை பண்ணுச்சாம். செய்றதையும் செஞ்சிட்டு இன்னா அடக்கம் பாரு."

புதிதாக வந்த மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஆண்டவர்தான் கையைத் திருப்பியிருப்பார் என்றாள் ஒருத்தி. மற்றொருத்தி ஆமென் சொன்னாள். ரயிலுக்கு நேரமாகிறது என்றாள் இன்னொருத்தி.

ஸ்டீபன் முன்பக்கம் வந்தான். ரோஸ்மேரி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரித்திருக்கவில்லை.

"நீ லெப்ட்டு லெப்ட்டுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சி" என்றாள். "நாய் செத்த அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப அவங்ககிட்ட நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

"சொல்லிட்டு? நாளைக்கு யாரு ஓட்டுவா?"

அவள் அவன் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வயலில் இழுபட்டு நூல் தளர்ந்திருந்தது. முடிச்சை அவிழ்த்து, தோலில் பதியும்படி இறுக்கி, வலைக்கு முடிவதுபோல இரட்டை முடிச்சுப் போட்டாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்தாள்.

"வண்டிய எடு."

எடுத்தான். பழவேற்காடு தாண்டியது. நாய் செத்த இடம் தாண்டியது. பின்னால் எட்டுப் பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பனி அன்றைக்கும் இருந்தது. திருப்பாலைவனத்துக்கு முன்னால் நெல் தெரிந்தது. அன்றைக்குச் சீக்கிரமே பரப்பிவிட்டிருந்தார்கள். ஓரத்துக் கல்லையொட்டி, ரோட்டின் நடுவில், வலது பாதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பவுனம்மாள் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஸ்டீபன் ஹாரன் அடித்தான். அவள் தலையை மட்டும் பாதி திருப்பினாள். எந்த வண்டி என்று பார்த்தாள். கையைத் தூக்கி, போ தம்பி போ என்று ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். ரோட்டை விட்டு இறங்கவில்லை.

தூரத்தில், பனிக்குள், பஸ்ஸின் ஹாரன் கேட்டது.