ஹம்பியில் வேகாத சாம்பார்

கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைக் காட்சிக்கு வைத்திருந்த 2004 டிசம்பரில், திண்டுக்கல்லிலிருந்து நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் கிளம்பினார்கள். கூடவே அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா, சமையல்காரர் சுருளிவேல். வெளியூர்ச் சாப்பாட்டை நம்பி நம் ஆட்கள் எங்கே போயிருக்கிறார்கள்? மிளகாய்த்தூள், புளி, எண்ணெய் எல்லாம் ஒரு தகரப்பெட்டியில். அதன் சாவி அல்போன்சா டீச்சரிடம். முப்பத்திரண்டு வருசம் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவருக்கு, டூர் ஏற்பாடு செய்த அந்தோணிமுத்து கொடுத்த கௌரவம் அது. அவன் அவரிடமே ஆறாம் வகுப்பு படித்தவன்.

பழைய கோவாவில் நடந்ததைக் கேளுங்கள். போர்ச்சுகீசியர் கட்டி ஆண்டு, காய்ச்சலுக்குப் பயந்து கைவிட்டுப் போன நகரம். புனிதரைக் கும்பிடும் வரிசையில் நாலு மணி நேரம் போயிற்று. மிச்ச நேரம் வெங்காயத்தில் போயிற்று. பஸ் நிழலில் உட்கார்ந்து உரித்தபடியே, இடிந்து நிற்கும் அகுஸ்தீனார் கோபுரத்தின் உச்சியை மட்டும் டீச்சர் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியதில் அதுவும் இரண்டாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில் ஹம்பி என்றதும் அவர் முடிவு செய்துவிட்டார், கல் ரதத்தைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை என்று. வருசம் தவறாமல் விஜயநகரத்தை எழுப்பி, வருசம் தவறாமல் தலைக்கோட்டையில் தோற்கடித்தவர் அவர். ரதத்தைப் பார்த்ததோ பாடப்புத்தகத்தில், கட்டைவிரல் அளவில், சக்கரத்தில் மை அப்பிய படமாக. இருக்கிற மூட்டுவலிக்கு இன்னொரு தடவை வர முடியாது.

பஸ் ஆற்றோரம் நின்றது.

"சாப்ட்டதும் வண்டிய எடுத்துருவோம்" என்றான் அந்தோணிமுத்து.

"ஏலே, ரதம்?"

"அது ரெண்டு கிலோமீட்டரு டீச்சர். கல்லு எங்க போயிரப் போகுது? சோறுதான் ஆறிப்போகும்."

டீச்சரின் கணவர் ராயப்பராஜ் அதற்குள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். "ஏம்மா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்னு செத்த கேளு."

காற்றுக்கு அடுப்பை எங்கே மறைப்பது என்று சண்டை ஆரம்பித்தது. ஆளுக்கொரு திசை சொன்னார்கள். அந்தக் கூச்சலில் டீச்சர் நழுவினார்.

பாதி வழியில் இடுப்பில் ஏதோ உறுத்தியது. சாவி. நின்றார். நாற்பது பேர் பசி. திரும்பிப் போனால் வெங்காயம். விஜயநகரம் விழுந்த அன்றைக்கும் யாரோ ஒருத்தி இங்கே வெங்காயம் உரித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று தோன்றியது. சாவியை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டு மேலே நடந்தார்.

ஆற்றோரத்தில் சுருளிவேல் பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தாராம். கல்தான் உடைந்ததாம். "வேற ஊருப் பூட்டா இருந்தா இந்நேரம் தெறந்திருக்கும்" என்று நொந்துகொண்டாராம்.

டீச்சர் ரதத்தின் முன்னால் போய் நின்று மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம். நாற்பது பேரும் வந்திருந்தார்கள்.

"டீச்சர், சாவி!" அந்தோணிமுத்துவுக்கு இரைத்தது. பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஆத்தீ! இம்புட்டுப் பெருசா?"

"சக்கரம் சுத்துமா டீச்சர்?"

"யாரு செஞ்சா?"

"யான எதுக்கு இம்புட்டுச் சின்னதா இருக்கு?"

பசி எங்கே போனதோ தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்லித்தான் டீச்சருக்குப் பழக்கம். கிருஷ்ணதேவராயர், குதிரை வியாபாரம், 1565 என்று வாய் பாட்டுக்கு ஓடியது. கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, கரும்பலகைக்கு முதுகைக் காட்டுவதுபோல ரதத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருக்கிறோம் என்று. வந்ததிலிருந்து முழுசாய் ஒரு பார்வை பார்க்கவில்லை.

"எல்லாரும் வாயில விரல் வைங்க!"

முதலில் வைத்தவன் அந்தோணிமுத்து. பிறகு ராயப்பராஜ். பிறகு வரிசையாக நாற்பது பேரும். ரதத்தைப் படமெடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கேமராவை இவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் திரும்பி நின்று பார்த்தார். சக்கரத்தில் மை இல்லை. இதழ் இதழாகக் கல்லில் பூ இருந்தது.

சுருளிவேல் ஒரு விரலை வாயில் வைத்தபடியே இன்னொரு கையை நீட்டினார். "டீச்சரம்மா, சாவி..."

டீச்சர் திரும்பவில்லை.

"இன்னும் பெல் அடிக்கல."