கண்ணாடித் தட்டில் செத்த கிருமி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய ஒரு கோடை. தாமிரபரணி மெலிந்து, மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் மொண்டார்கள். காலராவும் கூடவே வந்தது.

சென்னையில் கிருமி சாஸ்திரம் படித்த டாக்டர் ஞானசம்பந்தன் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தான். படுத்தவர்கள் எழாமலே போவதைப் பார்த்துப் பார்த்து மனம் விட்டுப்போயிருந்தவனுக்கு ஒரு யோசனை வந்தது. பேதி கண்ட வீடுகளில் கஞ்சியைப் புளிக்க வைத்துக் காடி கொடுப்பார்களே, அதைச் சோதித்தால் என்ன? காலராக் கிருமி வளர்த்த குழாயில் காடியை ஊற்றினான். அதில் ஒரு துளியை எடுத்து, கிருமி வளர்வதற்கான கூழ் பரப்பிய கண்ணாடித் தட்டில் தடவி வைத்தான். மறுநாள் ஒரு கிருமிகூட முளைக்காமல் தட்டு துடைத்துவிட்டாற்போல இருந்தது.

அன்றைக்கென்று முக்கூடலிலிருந்து அக்கா வடிவம்மாள் வந்திருந்தாள். அவனுக்கு வாய் நிற்கவில்லை.

“அக்கா, நம்ம காடி காலராக் கிருமியக் கொன்னுட்டு!”

“நெசமாவா சொல்லுத?”

“கண்ணால பாத்தேங்கேன்.”

அவள் ஊருக்குப் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. குடலுக்குள் போனால் புளிப்பு முறிந்துவிடுமே! காடியில் சோடா உப்பைக் கலந்து புளிப்பை முறித்து, மறுபடியும் சோதித்தான். இந்தத் தட்டில் கிருமி அப்பிக் கிடந்தது. அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். வார்டில் கூட்டம் குறையவில்லை; நாள் தள்ளிப்போனது.

அக்கா வீட்டு வண்டிக்காரன் அப்பாத்துரை ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“ஐயாவுக்குப் பேதி. நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போவம்னேன். ‘தம்பி சொன்ன காடி இருக்கு’ன்னு அம்மா கேக்கல.”

உப்புத்தண்ணீர் ஏற்றும் ஊசியும் குழாயுமாக அதே வண்டியில் ஓடினான். அத்தான் சிவசண்முகத்தின் கண்கள் குழி விழுந்திருந்தன. அக்கா கரண்டி கரண்டியாகக் காடி புகட்டிக்கொண்டிருந்தாள். அது கடைவாய் வழியே வழிந்தது.

“வந்துட்டியா? பாரு, விடாமத்தான் குடுக்கேன். இன்னும் கொஞ்சம் புளிக்கணுமோ?”

அவன் ஊசி குத்த அத்தானின் கையில் நரம்பைத் தேடினான். ரத்தம் வற்றிச் சுருங்கிப்போன நரம்பு எங்கே குத்தியும் அகப்படவில்லை. காலில் குத்தினான். அங்கேயும் இல்லை. அவன் கைக்குள்ளேயே அத்தானின் கை சில்லிட்டுப்போனது.

“கிருமி செத்துட்டுன்னியே சம்பந்தம்?”

“தட்டுல செத்துதுக்கா. வயித்துக்குள்ள சாவாது. பெறவுதான் தெரிஞ்சுது.”

அவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தானை எடுத்துச் சுடுகாட்டில் கொளுத்திவிட்டு வந்தபோது வாசலில் பெண்கள் செம்போடு நின்றார்கள். டாக்டர் சொன்ன காடி இங்கே இருக்கிறதென்று அடுத்த தெருவரை பேச்சாகியிருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அது பேதிக்குக் கேக்காது தாயீ. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. நோவு கண்டவுடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க.”

“எம்மவ காலையிலயிருந்து கெடக்கா. வண்டி கெடைக்கல. இப்ப அவளுக்கு என்ன குடுக்க?” என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தியான பாலம்மாள்.

உள்ளேயிருந்து வடிவம்மாள் காடிப் பானையைத் தூக்கி வந்து, அவனைப் பாராமல், “வெறுஞ் செம்போடயா போவா?” என்று பாலம்மாளின் செம்பில் ஊற்றினாள். அவன் தடுக்கவில்லை. ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாலம்மாளின் பின்னால் நடந்தான்.